மேற்குத் தாம்பரத்தில் ஸ்டேஷன் பக்கம் 22 வருடப் பழைய ஃபிளாட்டா, மண்ணிவாக்கம் தாண்டிப் புது ஃபிளாட்டா?

வாடகைவீட்டுக்காரன் | ஞாயிறு, இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். பதினோரு வருடமாக மேற்குத் தாம்பரத்தில் வாடகைக்கு இருக்கிறோம். நான், மனைவி, ஏழாவது படிக்கும் மகள், 68 வயது அம்மா. எனக்குக் கிண்டியில் வேலை, மனைவி குரோம்பேட்டையில் ஆசிரியை. இரண்டு பேருக்கும் மின்சார ரயில்தான். வீட்டுக்காரர் இடித்துக் கட்டப் போகிறார். தை பிறப்பதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். இந்த முறை மறுபடியும் வாடகைக்குப் போக மனசில்லை, சொந்தமாகவே வாங்கிவிடலாம் என்று இருக்கிறோம்.

பார்த்து வைத்திருப்பது இரண்டு. ஒன்று, சண்முகம் சாலையிலிருந்து நாலு தெரு தள்ளி, 780 சதுர அடி, 22 வருடப் பழைய கட்டடம். கீழே வண்டி நிறுத்தம், மேலே இரண்டு மாடி, மொத்தம் எட்டு வீடு. நாங்கள் பார்த்தது முதல் மாடி. லிஃப்ட் கிடையாது. பிரிபடாத மனைப் பங்கு, அதாவது மொத்த மனையில் இந்த வீட்டுக்கான நிலப் பங்கு, 560 சதுர அடி என்று பத்திரத்தில் இருக்கிறது. 48 லட்சம் சொல்கிறார்கள். உரிமையாளர் கத்தாரில் இருக்கிறார், அவருடைய தம்பிதான் பவர் (அவர் சார்பில் விற்பதற்கான அதிகாரப் பத்திரம்) வைத்துக்கொண்டு பேசுகிறார்.

இன்னொன்று மண்ணிவாக்கம் தாண்டி, படப்பை போகும் வழியில். கட்டிக்கொண்டிருக்கிறார்கள். 1,080 சதுர அடி, லிஃப்ட், ஜெனரேட்டர், குழந்தைகள் விளையாட இடம், காவலாள் எல்லாம் உண்டு. மனைப் பங்கு 420. விலை 47 லட்சம், வரி தனி.

மகளுக்குப் புதுசுதான் வேண்டும், தனி அறை கிடைக்கும். அம்மா வாய் திறக்கவே இல்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கடப்பேரி அத்தை | ஞாயிறு, இரவு 10.02

தம்பி, அம்மா வாய் திறக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அவர்களைக் கேளுங்கள். பகல் முழுக்க வீட்டில் இருக்கப் போவது அவர்கள்தான்.

நான் இந்தப் பக்கம் 19 வருடமாக ஃபிளாட்டில் இருக்கிறேன். காலையில் ஆறரைக்குப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினால் கீரை, பூ, பால் எல்லாம் வாங்கிக்கொண்டு ஏழுக்குள் திரும்பிவிடுவேன். வழியில் நாலு பேரிடம் பேச்சு. என் கணவர் காலமான பிறகு இந்த அரை மணி நேரம்தான் என்னை நிமிர்த்தி வைத்தது. மூட்டு வலிக்கு சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவமனைக்கு நானே தனியாகப் போய் வருகிறேன். என் பெரிய மகன் வண்டலூர் பக்கம் பெரிய வீடாக வாங்கினான். அங்கே போனால் கொத்தமல்லிக்குக்கூட செல்போனை எடுக்க வேண்டும், இல்லை என்றால் அவன் வண்டியை எடுக்க வேண்டும். நல்ல வீடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு நாளைக்கு மேல் எனக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை.

குறையும் சொல்லிவிடுகிறேன். ஆடி மாதம் ஸ்பீக்கர் சத்தம் இருக்கும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் ஆட்டோகூடத் தெருவுக்குள் நுழையாது. தெருவில் யார் யாரோ வண்டியை நிறுத்திவிட்டு ரயில் ஏறிப் போய்விடுவார்கள்.

ரயில் சிநேகிதன் | திங்கள், காலை 6.35

இந்த ஊர் வளர்ந்ததே ரயிலால்தான். கடற்கரை–தாம்பரம் பாதையில் 1931இல் மின்சார ரயில் விட்டார்கள், அப்போது மீட்டர் கேஜ். 2004 வரை அந்த வண்டிகள் ஓடின, நான் அதில் மாம்பலம் போய் வேலை பார்த்தவன். எங்கப்பா எழுபதுகளில் இங்கே மனை வாங்கியபோது, காட்டில் போய் வாங்குகிறாயே என்று திருவல்லிக்கேணிச் சொந்தக்காரர்கள் வருத்தப்பட்டார்களாம். ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரம், அது போதும் என்று அவர் சொல்லிவிட்டார்.

உங்கள் வீட்டில் இரண்டு பேர் ரயிலில் போகிறீர்கள். தாம்பரத்தில் ஏறினால் பல வண்டி இங்கிருந்தே கிளம்புவதால் உட்கார இடம் கிடைக்கும், அரை மணிக்குள் கிண்டி. அந்த மண்ணிவாக்கம் வீட்டிலிருந்து தாம்பரம் ஸ்டேஷனுக்கு வருவதற்கே காலையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று திங்கள்கிழமை எட்டு மணிக்கு ஒருமுறை வந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் போய்ப் பார்த்துவிட்டு 20 நிமிடம்தான் என்று முடிவு செய்யாதீர்கள். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த பிறகும் பண்டிகை நாட்களில் பெருங்களத்தூர் பக்கம் ஜி.எஸ்.டி. சாலை நகராது.

முடிச்சூர்வாசி | திங்கள், மதியம் 1.20

மண்ணிவாக்கம், முடிச்சூர் என்றாலே எல்லாரும் 2015 என்பார்கள். நானே சொல்லிவிடுகிறேன். அந்த டிசம்பரில் எங்கள் வீட்டுத் தரைத்தளத்தில் என் மார்பளவு தண்ணீர். படகில்தான் வெளியே வந்தோம். ஆதனூர், மண்ணிவாக்கம் ஏரிகளின் உபரி நீர் எங்கள் வழியாகத்தான் அடையாற்றுக்குப் போயாக வேண்டும். நாங்கள் வீடு கட்டியிருப்பது அதன் பாதையில். இதில் யாரையும் திட்டிப் பிரயோஜனமில்லை, பள்ளம் பள்ளம்தான். பிறகு ஆற்றை அகலப்படுத்தினார்கள், கால்வாய் வெட்டினார்கள், நிலைமை நிச்சயம் தேறியிருக்கிறது. இருந்தும் 2023 மிக்ஜாம் புயலன்று ராத்திரி முழுக்க டார்ச்சை வைத்துக்கொண்டு வாசற்படியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அதனால் நீங்கள் பார்த்த புதுக் கட்டடத்தில் எத்தனை மாடி, என்ன வசதி என்பதைப் பிறகு கேளுங்கள். மனையின் மட்டம் மெயின் ரோட்டை விட மேலேயா கீழேயா, ஜெனரேட்டரும் மின் பலகையும் எங்கே வைக்கிறார்கள், பக்கத்தில் எந்த ஏரியின் கலங்கல் (உபரி நீர் வெளியேறும் இடம்) இருக்கிறது, அதைக் கேளுங்கள். மேற்குத் தாம்பரம் முழுக்க மேடு என்றும் நினைக்காதீர்கள். சி.டி.ஓ. காலனிக்காரர்களைக் கேட்டால் அவர்கள் கதையைச் சொல்வார்கள். தெருவுக்குத் தெரு வித்தியாசம். இப்போது ஐப்பசி, மழை வரும். நல்ல மழை பெய்த மறுநாள் காலை இரண்டு இடத்துக்கும் போங்கள்.

பத்திரக்காரர் | திங்கள், இரவு 8.45

நான் பத்திரப் பதிவு சம்பந்தமான வேலையில் 17 வருடமாக இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் செலவு. பழைய வீட்டை மறுவிற்பனையில் வாங்கினால் முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 9. 48 லட்சத்துக்கு 4,32,000. கட்டுகிறவரிடமிருந்து முதல் விற்பனையாகப் புது ஃபிளாட் வாங்கினால், 2023 டிசம்பரிலிருந்து 50 லட்சம் வரை மொத்தம் 6 சதவீதம்தான், அதாவது 2,82,000. இதைக் காட்டித்தான் புதுசு லாபம் என்று சொல்வார்கள். ஆனால் கட்டி முடிக்காத வீட்டுக்கு ஜி.எஸ்.டி. வரி 5 சதவீதம் உண்டு, 2,35,000. இரண்டையும் கூட்டினால் 5,17,000 வருகிறது. பழைய வீட்டுக்கு அந்த வரி இல்லை.

கடன் தொகை 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை இருந்தால் வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி தராது. பத்திரச் செலவை மதிப்பில் சேர்க்கவும் மாட்டார்கள். ஆக முதல் வீட்டுக்கு உங்கள் கையிலிருந்து 9,60,000 போட வேண்டும், பதிவுச் செலவு 4,32,000 வேறு. 14 லட்சம் ரொக்கமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கட்டடம் என்றால் வங்கி மதிப்பீட்டாளர் குறைத்துப் போடவும் வாய்ப்பு உண்டு, அந்த வித்தியாசமும் உங்கள் தலையில்தான் விழும்.

அடுத்தது பவர். கத்தாரில் எழுதிக் கொடுத்த பவர் என்றால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் ஆகியிருக்க வேண்டும். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும். பதிவன்று, பவர் கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்கான சான்று கேட்பார்கள். அண்ணனிடம் வீடியோவில் நீங்களே ஒருமுறை பேசிவிடுங்கள், விலையை அவர் வாயால் சொல்லட்டும். இன்னொரு விஷயம் பல பேருக்குத் தெரியாது. 50 லட்சத்துக்குக் கீழ் என்றால் வருமான வரிப் பிடித்தம் இல்லை என்பது, விற்பவர் இங்கே வசிப்பவராக இருந்தால் மட்டும்தான். வெளிநாட்டில் வசிப்பவர் விற்றால் தொகை எவ்வளவாக இருந்தாலும் வாங்குபவர் பிடித்துக் கட்ட வேண்டும், அதுவும் 1 சதவீதம் அல்ல. ஆடிட்டரைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கடைசியாக மனைப் பங்கு. அந்த இடம் எத்தனை கிரவுண்டு? இரண்டு என்றால் 4,800 சதுர அடி. எட்டு வீடு, ஆளுக்கு 560 என்றால் 4,480தான் ஆகிறது. மீதி 320 எங்கே? வில்லங்கச் சான்றிதழை மனை வாங்கிய காலத்திலிருந்து போட்டு, எட்டு வீட்டின் பதிவுகளையும் எடுத்து, ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள்.

தேவி கூடுவாஞ்சேரி | செவ்வாய், காலை 11.15

தள்ளிப் போய் வாங்கினவள் பேசுகிறேன். ஆறு வருடம் ஆகிறது. என் இரண்டு பிள்ளைகளும் கேட்டுக்குள்ளேயே சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். சாயங்காலம் ஆனால் இருபது பிள்ளைகள் கீழே இருப்பார்கள். அந்தச் சந்தோஷத்தை நான் விலை பேச மாட்டேன். உங்கள் மகள் ஏழாவது படிக்கிறாள். நீங்கள் வாங்கும் புது வீட்டைக் கையில் கொடுத்து, ஆட்கள் குடிவந்து, பிள்ளைகள் சேர்வதற்குள் அவள் ஒன்பதாவதோ பத்தாவதோ வந்துவிடுவாள். அப்புறம் அவள் கேட்கப் போவது டியூஷனுக்குத் தனியாகப் போய் வர ஒரு வழி. அது ஸ்டேஷன் பக்கம் தானாக அமையும். எங்கள் பக்கம் ஒவ்வொன்றுக்கும் நான்தான் ஸ்கூட்டி எடுக்கிறேன்.

தை மாதம் காலி செய்ய வேண்டும் என்றால், கட்டி முடிக்காத வீட்டுக்குக் கடன் வட்டியும் கட்டி, வாடகையும் கொடுத்துக்கொண்டு இருக்க வேண்டி வருமே அண்ணா? எங்களுக்கு 14 மாதம் அப்படித்தான் போனது. அதைக் கணக்கில் வைத்தீர்களா?

கம்பியும் காரையும் | செவ்வாய், இரவு 10.30

கட்டட மேற்பார்வை என் தொழில். 22 வருடக் கட்டடம் என்பதால் மட்டும் பயப்பட வேண்டாம். பார்க்க வேண்டிய இடங்களைப் பாருங்கள். வண்டி நிறுத்தும் தளத்தில் நின்று தலையைத் தூக்கி மேல்தளத்தைப் பாருங்கள். காரை பெயர்ந்து கம்பி தெரிகிறதா? கம்பி துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் காரையைத் தள்ளும். அந்த இடத்தில் பூசி பெயின்ட் அடித்திருந்தால் சுத்தியால் லேசாகத் தட்டுங்கள், உள்ளே பொக்கையாக இருந்தால் சத்தத்திலேயே தெரியும். தூண்களின் அடிப்பாகத்தில் நீளவாக்கில் விரிசல் இருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். குளியலறைக்கு நேர் கீழே ஈரம், கழிவுநீர்க் குழாய் இறங்கும் சுவர், சம்ப்பின் உள்பக்கம், மொட்டை மாடி, இவ்வளவும் பாருங்கள்.

தண்ணீரையும் கேளுங்கள். போர்வெல் எத்தனை அடி, 2019 கோடையில் தண்ணீர் இருந்ததா, இல்லை என்றால் எத்தனை லாரி வாங்கினார்கள் என்று பராமரிப்புக் கணக்கு நோட்டில் இருக்கும். நோட்டே இல்லாத கட்டடம் என்றால் அதுவே ஒரு பதில்.

மனைப் பங்கு பற்றி பத்திரக்காரர் சொன்னதை ஒட்டி இன்னொன்று. இன்னும் 20 வருடம் கழித்து இந்தக் கட்டடத்தை இடித்துக் கட்டும் பேச்சு வரும். 2022ஆம் வருட அடுக்குமாடி உரிமைச் சட்டம் 2024இல் நடைமுறைக்கு வந்துவிட்டது, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் போதும். அன்றைக்கு உங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பது இந்த 560தான். புது வீட்டில் 1,080 சதுர அடி வீட்டுக்கு மனை 420, இங்கே 780 சதுர அடி வீட்டுக்கு 560. கட்டடத்தின் மதிப்பு வருடா வருடம் இறங்கும், மண்ணின் மதிப்பு அப்படி இறங்காது.

வாடகைவீட்டுக்காரன் | சனி, இரவு 9.50

எல்லாருக்கும் நன்றி. வியாழன் ராத்திரி கொட்டிய மழையை நம்மில் பல பேர் பார்த்திருப்பீர்கள். வெள்ளி காலை ஆறு மணிக்குக் கிளம்பி இரண்டு இடத்துக்கும் போனேன்.

மண்ணிவாக்கம் பக்கம் மனைக்குள் தண்ணீர் இல்லை. ஆனால் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போகும் மண் சாலையில் இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தித் தள்ள வேண்டியிருந்தது. திரும்பித் தாம்பரம் ஸ்டேஷன் வாசலுக்கு வர 55 நிமிடம்.

சண்முகம் சாலை பக்கத் தெருவில் ஒரு ஓரமாகக் கணுக்கால் அளவு நின்றிருந்தது, ஒன்பது மணிக்கு வடிந்துவிட்டது. தெருமுனையில் இஸ்திரி போடும் பெரியவரிடம் 2015 பற்றிக் கேட்டேன். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு எழுந்து வந்து, தெருவோர மின்பெட்டியின் கீழ் விளிம்பைத் தொட்டுக் காட்டினார். "இதுக்கு ரெண்டு விரல் கீழ வரைக்கும் வந்துச்சு சார். அதுக்கு மேல ஏறல." நாங்கள் பார்க்கும் கட்டடத்தின் வண்டி நிறுத்தும் தளம் அந்த விளிம்பை விட ஒரு சாண் உயரம். நானே டேப் வைத்து அளந்தேன்.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு இடத்தில் கம்பி தெரிகிறது, ஒன்று கழிவுநீர்க் குழாய் ஓரம். தூண்களில் விரிசல் இல்லை. மொட்டை மாடியில் தட்டோடு பல இடத்தில் அசைகிறது, மேல் மாடிக்காரர் வீட்டில் ஒழுகுகிறது. கணக்கு நோட்டு இருக்கிறது, இரண்டாம் மாடி டீச்சரம்மா 2011லிருந்து எழுதி வைத்திருக்கிறார். 2019இல் மே, ஜூன் இரண்டு மாதமும் வாரத்துக்கு மூன்று லாரி. மற்ற வருடங்களில் கோடையில் எப்போதாவது ஒன்று.

மனை இரண்டு கிரவுண்டுதான். மனைப் பங்கைக் கூட்டினேன். ஆறு வீட்டுக்கு 560, இரண்டு வீட்டுக்கு 600. மொத்தம் 4,560. மீதி 240 சதுர அடி இன்னும் பழைய மனைக்காரர் பெயரிலேயே நிற்கிறது. அவர் காலமாகிவிட்டார், வாரிசுகள் மூன்று பேர். எட்டு வீட்டுக்காரர்களில் ஒருவருக்குக்கூட இது தெரியாது. பத்திரக்காரர் சார், நீங்கள் சொல்லாவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது.

அம்மாவையும் கூட்டிப்போனேன். 18 படி. ஏறும்போது எண்ணினார், இறங்கும்போதும் எண்ணினார். கீழே வந்து, "நீ வண்டி எடு, நான் நடந்து வரேன்" என்றார். அங்கிருந்து நாங்கள் இப்போது இருக்கும் வீட்டுக்கு முக்கால் கிலோமீட்டர். 25 நிமிடம் கழித்து வந்து சேர்ந்தார், கையில் ஒரு கட்டு முருங்கைக் கீரை, அரை முழம் மல்லி. அதன் பிறகுதான் வாய் திறந்தார். "அந்த இன்னொரு வீட்டுல என்னால கடைக்குப் போக முடியாதுடா. அதைச் சொன்னா பாப்பாவுக்கு ரூம் இல்லாமப் போயிடுமேன்னு சும்மா இருந்தேன்."

பத்திரக்காரர் | ஞாயிறு, காலை 7.40

240 மீதி நிற்பதால் உங்கள் 560க்கு ஆபத்து எதுவும் இல்லை, உங்கள் பத்திரம் செல்லும். ஆனால் இடித்துக் கட்டும் நாளில் அந்த மூன்று வாரிசுகளும் ஒரு பங்கு கேட்டு வந்து நிற்பார்கள். இப்போதே எட்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து வாரிசுகளிடம் பேசி, ஒரு தொகை கொடுத்து, எட்டு பேர் பெயருக்கும் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. நாள் ஆக ஆக வாரிசு மூன்று ஒன்பதாகும். இதைக் காட்டி விலையைக் குறைத்துக் கேளுங்கள், நியாயமான காரணம்தான். வண்டி நிறுத்தும் இடம் உங்களுக்கு எது என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறதா?

வாடகைவீட்டுக்காரன் | ஞாயிறு, காலை 8.05

இல்லை சார். வாய்ப் பேச்சுதான். படிக்கட்டுக்குப் பக்கத்து இடம் என்கிறார்கள்.

கடப்பேரி அத்தை | ஞாயிறு, காலை 9.30

அம்மா சொன்னதைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது தம்பி. வாய்ப் பேச்சில் விடாதீர்கள். எங்கள் கட்டடத்தில் அந்த ஒரு விஷயத்துக்காக இரண்டு குடும்பம் நாலு வருடம் பேசாமல் இருந்தது. சங்கத்தின் கூட்டத் தீர்மான நோட்டில் எட்டு பேரும் கையெழுத்துப் போட்டு, எந்த இடம் யாருக்கு என்று எழுதி வாங்குங்கள்.

வாடகைவீட்டுக்காரன் | பதினெட்டு நாள் கழித்து, இரவு 10.20

முடிந்தது. 45,50,000க்குப் பேசி ஒப்பந்தம் போட்டோம். கத்தாரிலிருந்து அண்ணனே பேசினார், வரிப் பிடித்தத்துக்கு ஆடிட்டரைப் பார்த்தாயிற்று. வங்கி மதிப்பீட்டாளர் 44 என்று போட்டார், கடன் 35,20,000 வருகிறது. மீதிக்கு மனைவியின் நகை கொஞ்சம் போகிறது. நிறுத்தும் இடத்துக்குத் தீர்மான நோட்டில் ஆறு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், இரண்டு பேர் ஊரில் இல்லை. வாரிசுகளில் மூத்தவரைப் போய்ப் பார்த்தேன், பேசலாம் என்றார்.

மகள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். ஹாலை ஒட்டிய பால்கனியை அடைத்து அவளுக்கு மேசையும் புத்தக அலமாரியும் போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். முழு அறைக்கு அது ஈடாகாது, அவளுக்கும் அது தெரியும்.

ஒரு உதவி வேண்டும். மொட்டை மாடியில் பழைய தட்டோட்டைப் பெயர்த்துவிட்டு, செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டுப் புதிதாகத் தட்டோடு பதிக்க எட்டு வீட்டுக்காரர்களும் பணம் போட ஒப்புக்கொண்டிருக்கிறோம். மழை விட்டதும் ஆரம்பிக்க வேண்டும். தாம்பரம் பக்கம் இந்த வேலையை ஒழுங்காகச் செய்த மேஸ்திரியைத் தெரிந்தவர்கள் தனிச் செய்தியில் சொல்லுங்கள்.

கம்பியும் காரையும் | பதினெட்டு நாள் கழித்து, இரவு 10.55

ஆள் இருக்கிறார், அனுப்புகிறேன். தை கடைசி வரை பொறுங்கள், தளம் நன்றாகக் காயட்டும். பால்கனியை அடைப்பதற்கு முன் மழைநீர் இறங்கும் குழாய் அதற்குள் வருகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.